சீட்டுக்கடியில் ஒரு ‘டக்’: நின்று நின்று ஓடிய கோயில் பேட்டரி கார் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மொரீசியஸ் தீவின் நடுமேட்டில், ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த முருகன் கோயில். கார் நிறுத்தும் இடத்திலிருந்து கோயில் வாசல் 300 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். முதல் பாதி சமதளம். அப்புறம் ஒரு வளைவு, அதன் குறுக்கே மழைநீர் வடியக் கட்டிய ஆழமில்லாத சிமெண்டு வாய்க்கால், அதைத் தாண்டினால் மேடு. முட்டி வலிக்காரர்களுக்கு அந்த மேடுதான் பிரச்சினை.

அவர்களுக்காகக் கோயில் சங்கம் ஒரு பழைய கோல்ஃப் கார்ட்டை வாங்கியது. நம்மூர்க் கோயில்களில் பேட்டரி கார் என்று ஓடுகிறதே, அதன் தம்பி. ஓட்டுநரோடு நான்கு பேர் உட்காரலாம். அதற்கு முன் கிழக்குக் கடற்கரையில் ஒரு விடுதியில் சில வருஷம் ஓடிய வண்டி. 8 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஆறு, வரிசையாக இணைத்து 48 வோல்ட். பேட்டரிகள் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் எல்லாம் தெரியும்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். இங்கே ஒரு துணி ஆலையில் மின் பராமரிப்பு வேலை. ஞாயிறு கோயிலுக்குப் போவேன். அங்கே ஃபியூஸ் போனாலும் மைக் இரைந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கோல்ஃப் கார்ட்டை அதுவரை தொட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியை ஓட்டுகிறவர் இந்தத் தீவிலேயே பிறந்தவர், 68 வயது, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். தமிழ், சின்ன வயதில் கோயில் மாலைப் பள்ளியில் படித்தது. என்னைத் தம்பி என்பார், நான் அவரை ஐயா என்பேன். 2024 தைப்பூசக் காவடி ஜனவரி 25, வியாழக்கிழமை. அன்று இந்த ஊரில் அரசு விடுமுறை. கோயிலில் நிற்க இடம் இருக்காது. டிசம்பர் கடைசியில் அவர் சங்கத் தலைவரிடம் “லி பா மார்சே” என்று சொல்லிவிட்டார். வண்டி ஓட மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். சரியாகச் சொன்னால், ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும், கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடும்.

முதல் பார்வை: ஜனவரி 7

அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். ஆட்களோடு போகும்போதுதான் நிற்கிறது. தனியாக ஓட்டினால் நிற்பதில்லை. நின்றதும் எல்லாரையும் இறங்கச் சொல்லி ஐந்து, பத்து நிமிஷம் ஆறவிட்டால் கிளம்புகிறது. “நிக்கிறதுக்கு முன்னாடி சீட்டுக்கு அடியில டக்னு சத்தம் தம்பி.” கடைசியாகச் சொன்ன இந்த வரியைக் கேட்டுத் தலையாட்டினேன். குறிப்பில்கூட ஓரத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

ஆள் ஏறினால் நிற்கிறது, ஆறவிட்டால் ஓடுகிறது. இதைக் கேட்டதும் எனக்குப் பேட்டரி என்று தோன்றிவிட்டது. சுமை கூடினால் மின்னழுத்தம் சரியும், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் வெட்டிவிடும், ஓய்வு கொடுத்தால் பேட்டரி கொஞ்சம் மீளும். கதை அழகாகப் பொருந்தியது.

அளவுகளும் அதற்குத் துணை நின்றன. இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி ஓய்வில் இருந்த வண்டியில் மொத்தம் 50.3 வோல்ட். ஐந்து பேட்டரிகள் 8.4-ஐ ஒட்டி இருந்தன; நான்காவது மட்டும் 8.2. முழு சார்ஜில் 8.5-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேட்டில் ஏற்றும்போது மற்றவை 7.6-இல் நின்றன, நான்காவது 6.6-க்கு இறங்கியது. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்தால் அதன் ஒரு செல்லில் அடர்த்தி 1.190, மற்ற செல்களில் 1.260. ஒரு செல் போய்க்கொண்டிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

கட்டுப்பாட்டுச் சுற்றையும் பார்த்தேன். பேட்டரி பிளஸிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், நடுவில் சின்ன ஃபியூஸ், அங்கிருந்து சாவி சுவிட்ச், பெடலுக்குக் கீழே மைக்ரோ சுவிட்ச், முன்-பின் சுவிட்ச், கடைசியில் சொலினாய்டு என்ற காந்த சுவிட்சின் காயில் (கம்பிச் சுருள்). பெடலை மிதித்ததும் சொலினாய்டு ‘டக்’ என்று இழுத்து மோட்டாருக்குப் பெரிய கரண்டை விடும். கண்ட்ரோலரை எழுப்புவதும் அதே மெல்லிய ஒயர்தான். சாவியைப் போட்டு சுவிட்சின் உள்வாயில் மீட்டரை வைத்தேன்: 50 வோல்ட். சரி என்று டிக் போட்டேன். பெடலை மிதிக்காமல் அளந்தேன் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு: ஒரு பேட்டரி

ஆறையும் மாற்றச் சங்கத்திடம் பணம் இல்லை. ஐந்து பழசுக்கு நடுவே புத்தம் புதிதாக ஒன்றைப் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பழசுகள் சேர்ந்து புதிதை வேகமாகத் தங்கள் நிலைக்கு இழுத்துவிடும். அதனால் கிட்டத்தட்ட அதே வயதுள்ள, சோதித்துப் பார்த்த ஒன்றைத் தேடிப் பிடித்து 13-ஆம் தேதி சனிக்கிழமை மாட்டினோம். அன்று எட்டு சுற்று ஓட்டினோம். நிற்கவில்லை. தலைவர் எனக்குக் கை கொடுத்தார்.

மறுநாள் பொங்கலுக்கு முந்தைய கூட்டம். வண்டி இரண்டு முறை நின்றது.

புயல்

15-ஆம் தேதி திங்கட்கிழமை பெலால் புயல். போர்ட் லூயியில் தெருவில் கார்கள் மிதந்த அன்றைக்குத்தான். நடுமேட்டிலும் நல்ல மழை. வண்டி நின்ற தகரக் கொட்டகையில் தண்ணீர் சக்கரத்தில் கால்வாசி வரை ஏறி வடிந்திருந்தது. 17-ஆம் தேதி வண்டி மறுபடி நின்றது.

இப்போது எல்லாருக்கும் விடை கிடைத்துவிட்டது: கண்ட்ரோலருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து புது கண்ட்ரோலர் வரவழைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. வந்து சேர மூன்று வாரம் என்றார்கள். காவடிக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஆனாலும் எப்படியும் தேவைதானே என்றார் பொருளாளர்.

நான் வேண்டாம் என்றேன். மழைக்கு முன்பே நின்ற வண்டி அது. பேட்டரி விஷயத்தில் ஒருமுறை உறுதியாகப் பேசி அசடு வழிந்திருந்தேன். இன்னொரு ஊகத்துக்குக் கோயில் பணத்தைச் செலவழிக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை அவகாசம் கேட்டேன்.

நோட்டுப் புத்தகம்

அன்று சாயங்காலம் ஐயா தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். பஸ் ஓட்டின காலத்துப் பழக்கமாம். ஒவ்வொரு முறை நின்றபோதும் தேதி, நேரம், இடம், வண்டியில் எத்தனை பேர் என்று எழுதியிருந்தார். கிரியோலில், நடுநடுவே இரண்டு மூன்று தமிழ்ச் சொல். இதை ஏன் முதல் நாளே காட்டவில்லை என்று கேட்டேன். “நீ கேக்கலயே.”

டிசம்பரிலிருந்து மொத்தம் 14 நிறுத்தம். உட்கார்ந்து எண்ணினேன். செங்குத்தான மேட்டில் நின்றது இரண்டே முறை. ஒன்பது முறை அந்த வாய்க்கால் மேல், சக்கரம் இறங்கி ஏறும் இடத்தில். மூன்று முறை சமதளத்தில், அதில் ஒன்று வண்டி இன்னும் கிளம்பாதபோது, ஒரு கனத்த ஆள் உட்கார்ந்த கணத்தில்.

பேட்டரி தளர்ந்துதான் நிற்கிறது என்றால் மேட்டில் நிற்க வேண்டும், சார்ஜ் இறங்கிய சாயங்காலத்தில் அதிகம் நிற்க வேண்டும். காலை ஏழு மணிக்கு, முழு சார்ஜில், வாய்க்கால்மேல் ஏன் நிற்கிறது? குலுக்கலும் சீட்டில் விழும் எடையும்தான் எல்லா வரியிலும் பொதுவாக இருந்தன. அப்போதுதான் ஓரத்தில் எழுதியிருந்த ‘டக்’ கண்ணில் பட்டது. ஓடும் வண்டியில் சீட்டுக்கடியில் டக் என்றால், சொலினாய்டு பிடியை விடுகிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய சுற்றில் எங்கோ அறுபடுகிறது.

ஓட்டிக்கொண்டே அளந்தது: ஜனவரி 21

நின்றபிறகு சீட்டைத் தூக்கிப் பார்ப்பதில் பயனில்லை. தூக்கும் அசைவிலேயே கோளாறு மறைந்துவிடும். அதனால் மீட்டர்களை முன்கூட்டியே மாட்டிவிட்டோம். ஒன்று மொத்த பேட்டரியில். இன்னொன்று சொலினாய்டு காயிலின் இரண்டு சின்ன முனைகளில். ஒயர்களை நீளமாக இழுத்து, இரண்டு மீட்டரையும் ஓட்டுநருக்கு எதிரே டேப் போட்டு ஒட்டினேன். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்ட பிறகுதான் பேட்டரிப் பக்கம் கை வைத்தேன்; ஸ்பேனர் பிடியில் டேப் சுற்றியிருந்தேன். சார்ஜ் ஏற்றிய உடனே ஹைட்ரஜன் தங்கியிருக்கும் என்பதால் சீட்டைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டோம்.

கோயில் இளைஞர்கள் மூன்று பேர் ஏறிக்கொண்டார்கள். ஐயா ஓட்ட, நான் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு போனேன். இரண்டு சுற்றில் ஒன்றும் இல்லை. மூன்றாவது சுற்றில், வாய்க்காலில் பின்சக்கரம் இறங்கியது, டக். பேட்டரி மீட்டர் 49 வோல்ட், அசையவில்லை. காயில் மீட்டர் 11-க்கும் 9-க்கும் நடுவே தத்தளித்தது.

ஒரு பார்வையில் பாதி வண்டி சந்தேகத்திலிருந்து விலகியது. பேட்டரிகள், பெரிய கேபிள்கள், மோட்டார் இந்த நிறுத்தத்துக்குக் காரணம் இல்லை. காயிலுக்கு வரவேண்டியது வரவில்லை, அவ்வளவுதான்.

ஆர்வக்கோளாறில் உடனே ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினேன். தூக்கியதும் கோளாறு போய்விட்டது. கொஞ்சம் திட்டிக்கொண்டு கீழே இறக்கினேன். இந்த முறை பேட்டரி மீட்டரை எடுத்து, அதன் மைனஸை அங்கேயே விட்டு, பிளஸை மட்டும் சாவி சுவிட்சின் உள்வாயில் மாட்டினேன். ஆறாவது சுற்றில் மறுபடி டக். இப்போது சாவி சுவிட்சுக்குள் நுழையும் இடத்திலேயே 11 வோல்ட். அப்படியானால் மைக்ரோ சுவிட்ச், முன்-பின் சுவிட்ச், சாவி எல்லாமே யோக்கியர்கள். பேட்டரி பிளஸுக்கும் சாவிக்கும் நடுவே உள்ள ஒன்றரை மீட்டர் ஒயரில்தான் வியாதி.

அந்த நிலையிலேயே ஐயாவைப் பெடலிலிருந்து காலை எடுக்கச் சொன்னேன். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருந்தோம். மீட்டர் 11-லிருந்து 40-க்கு மேல் ஏறியது. சாவியை அணைத்ததும் நேராக 49-க்குப் போய் நின்றது.

முதல் நாள் நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். ஒயரில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு மயிரிழைக் கம்பி என்றாலும், கரண்ட் இழுக்க ஆளில்லாதபோது அது முழு மின்னழுத்தத்தையும் காட்டும். டிஜிட்டல் மீட்டர் எடுப்பது ஒன்றுமே இல்லை. காயில் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பிறகு காயிலை அளந்தேன், 190 ஓம். நல்ல ஒயரில் அது கால் ஆம்பியர் எடுக்கும். 11 வோல்ட்தான் மிஞ்சுகிறது என்றால், கண்ட்ரோலர் எடுப்பதைக் கணக்கில் விட்டுவிட்டாலும், வழியில் 650 ஓம் அளவுக்கு ஒரு தடை உட்கார்ந்திருக்கிறது.

பஸ் பல்பு

வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளினோம். ஒயரில் எந்த இடம் என்று தெரிய ஒரு சுமை வேண்டும், பெடலை நம்பாமல். 48 வோல்ட் பல்புக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? ஐயா வீட்டுக்குப் போய் 24 வோல்ட், 21 வாட் பஸ் இண்டிகேட்டர் பல்பு இரண்டு கொண்டுவந்தார். இரண்டையும் வரிசையாக இணைத்தால் 48. ஒயரின் சாவிப்பக்க முனையைக் கழற்றி, அதற்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மாட்டினோம். பல்பு எரிந்தது, கொஞ்சம் மங்கலாக.

சாவிப் பக்கத்திலிருந்து விரலால் ஒயரை நீவிக்கொண்டே வந்தேன். ஃபியூஸ் கூடு, ஒன்றுமில்லை. சீட்டுக் கீல் பக்கம், ஒன்றுமில்லை. பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்தில் ஒயரை லேசாக அழுத்தியதும் பல்பு அணைந்தது. விட்டதும் எரிந்தது. ஐயா சிரித்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஒயருக்கு ஒரு குறையும் இல்லை. சிவப்பு இன்சுலேஷன், கீறல்கூடக் கிடையாது. தொட்டால் மட்டும் அந்த இடம் கொஞ்சம் உப்பலாக, உள்ளே மணல் இருப்பதுபோல நறநறத்தது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். பச்சைக் களிம்பு பொடிப்பொடியாகக் கொட்டியது. முனையில் ஒயரைப் பேட்டரியோடு பூட்டும் உலோகத் துண்டான லக்கிலிருந்து ஒரு சாண் வரைக்கும் செம்பு கறுத்துப்போயிருந்தது. இழைகளில் மூன்றோ நான்கோதான் மிச்சம். விரலால் தொட்டதும் அவையும் உதிர்ந்தன.

ஏன் அங்கே

லக்கை ஒயரோடு நசுக்கிப் பிடித்த (கிரிம்ப் செய்த) இடம் திறந்தே இருந்தது. பேட்டரியின் மேல் வழியும் ஆசிட், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செம்பு இழைகளுக்கு நடுவே ஏறிவிடும். கடற்கரை விடுதியில் உப்புக்காற்றும் சேர்ந்திருக்கும். ஆசிட் வழிந்ததற்கு நாமும் காரணம்: சார்ஜ் போடுவதற்கு முன்னால் டிஸ்டில்ட் வாட்டரை வாய்வரை ஊற்றிவிடுவது கோயில் வழக்கமாக இருந்தது. சார்ஜ் ஆகும்போது திரவம் பெருகிக் கொப்பளித்து வெளியே வரும். சார்ஜ் முடிந்தபிறகு, செல் கழுத்தின் அடிவிளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை ஊற்றினால் போதும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன் தகடு மூழ்கும் அளவுக்கு ஊற்றலாம்.

ஆள் இறங்கினால் ஏன் ஓடியது? அந்த ஒயர் சீட்டுப் பலகையின் அடியைத் தொட்டுக்கொண்டு போனது. எடை விழுந்தால் பலகை வளைந்து ஒயரை அழுத்தும். ஆட்கள் இறங்கியதும் பலகை எழும், அறுந்த இழைகள் மறுபடி உரசிக்கொள்ளும். ‘ஆறவிட்ட’ பத்து நிமிஷத்துக்கு இதில் வேலையே இல்லை. அவர்கள் இறங்கிய நொடியே வண்டி தயாராக இருந்திருக்கும்.

பழுது பார்த்தது

ஒட்டுப்போடவில்லை. ஒன்றரை மீட்டர் ஒயரையும் ஃபியூஸ் கூட்டையும் முழுசாக மாற்றினோம். லக்கை நன்றாகக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூபால் மூடினேன். பாதையை மாற்றி, சீட்டுப் பலகைக்கு எட்டாத ஓரமாகக் கட்டினேன். செல் மூடிகளை இறுக்கிவிட்டு, பேட்டரிகளின் மேல்பக்கத்தைச் சோடா உப்புக் கரைசலால் நுரை அடங்கும்வரை துடைத்துத் தண்ணீரில் கழுவினோம். புது ஒயரில் அதே இரண்டு பல்பும் பளிச்சென்று எரிந்தன.

காவடி நாள் முடிவு

திங்கள் முதல் புதன்வரை சாயங்காலங்களில், ஒவ்வொரு முறையும் நான்கு பேரை ஏற்றி, 40 சுற்று ஓட்டினோம். ஒருமுறைகூட நிற்கவில்லை. இருந்தாலும் காவடியன்று மேட்டில் ஓட்ட வேண்டாம் என்றேன். இந்த வண்டியில் இறக்கத்தில் வேகத்தைப் பிடிப்பது பெரும்பாலும் மோட்டார்தான். கட்டுப்பாட்டுச் சுற்று செத்தால் அந்தப் பிடி போய்விடும், கால் பிரேக் ஒன்றுதான் மிச்சம். பின்னால் பால்குடமும் காவடியும் தூக்கி, பத்து நாள் விரதத்தில் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்கள். மூன்று நாள் சோதனையை அவர்கள்மேல் பணயம் வைக்க நான் தயாராக இல்லை.

சமதளத்தில் மட்டும் ஓடியது. மரக்கட்டையோடு இரண்டு பையன்கள் கூடவே நடந்தார்கள். வளைவில் இறங்கி மேடு நடக்க வேண்டியிருந்த பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு பாட்டி தலைவரிடமே புகார் சொன்னார். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள் இளைஞர்கள். விடியற்காலை தொடங்கி மதியம் தாண்டும்வரை வண்டி நிற்கவில்லை. பிப்ரவரி நடுவில்தான் மேட்டுக்கு அனுமதித்தோம்.

இன்னொரு தடவை என்றால்

சாவி சுவிட்சில் அளக்கும்போது பெடலை மிதிக்கச் சொல்லி அளப்பேன், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு. அந்த ஒரு அளவை அன்றே எடுத்திருந்தாலும், ஒயர் அந்த நிமிஷம் நல்ல நிலையில் இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்பதும் உண்மை. அதனால் சீட்டில் ஆள் உட்காரவைத்தும் அளப்பேன். பேட்டரி மாற்றியதை வீண் என்று சொல்ல மாட்டேன், அந்த செல் நிஜமாகவே கெட்டுப்போனதுதான். கெட்டுப்போன ஒன்றைக் கண்டதும் தேடுவதை நிறுத்திக்கொண்டதுதான் என் தப்பு. நோட்டைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பின்தொடர்ச்சி

மார்ச் மாதத்தில் ஒரு சாயங்காலம் ஐயா போன் செய்தார், வண்டி மேட்டில் நின்றுவிட்டதாக. எனக்கு வயிறு கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை போனபோது நோட்டை நீட்டினார். இப்போது அதில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டுப் பிரித்திருக்கிறது. தலைப்பில் தமிழில் ‘டக்’ என்று எழுதியிருந்தார். அன்றைய வரியில்: நான்கு பேர், மாலை 6.10, மேடு, டக் இல்லை, மெதுவாகி மெதுவாகி நின்றது.

ஒயர் பக்கம் போகவே இல்லை. ஹைட்ரோமீட்டரை எடுத்தேன். இரண்டாவது பேட்டரி.